முன்சக்கர அச்சும் முறுக்கும் வரிசையும்



போன வாரம் காலையில் நடக்கப் போனபோது, வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் தாண்டி வேலூர் சாலை ஓரத்தில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தான். பழைய புல்லட். என் கால் தானாக நின்றுவிட்டது. இரண்டு பக்க நட்டையும் ஸ்பேனரில் குழாய் சொருகி இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"தம்பி, ஒரு பக்கத்தைத் தளர்த்தி, ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு நாலு தடவை அமுக்கு. அப்புறம் இறுக்கு" என்றேன்.

"எதுக்குத் தாத்தா? நல்லா டைட்டா தானே இருக்கு?" என்றான்.

பதில் ஒரே வாக்கியத்தில் வரவில்லை. பஸ் சத்தத்தில் எதையோ சொல்லிவிட்டு வந்தேன். மரியாதைக்காகத் தளர்த்தி இறுக்கினான். காரணம் அவனுக்குப் புரிந்திருக்காது. அந்தக் காரணத்தை எழுத உட்கார்ந்தால், மாட்டு வண்டியில் தொடங்கி என் வீட்டுக் கதை ஒன்றில் வந்து முடிகிறது. அந்த வீட்டுக் கதையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு மாட்டு வண்டியின் அச்சைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டிக்குக் குறுக்கே அச்சு, அதன் இரு முனையிலும் சக்கரம், சக்கரம் கழன்று வெளியே வராமல் இருக்க முனையில் ஒரு கடையாணி. உள்ளே வண்டி மை. அவ்வளவுதான். சக்கரம் கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை; கழலாமல் இருந்தால் போதும். திருவள்ளுவர் வினைத்திட்பம் அதிகாரத்தில், 667-ஆம் குறளில், பெருந்தேரைத் தாங்கும் அச்சாணியை உவமை ஆக்கியிருக்கிறார். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7-ஆம் நாள் நம் அண்ணாமலையார் மகாரதம் மாட வீதியில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமையின் எடை தெரியும். அத்தனை பெரிய தேரும் சக்கரமும் அச்சும் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்திருப்பதால்தான் நகர்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். பொருள் மாறியது, வேலை மாறவில்லை. சக்கரம் கழலக் கூடாது.

அடுத்த படி சைக்கிளில் வந்தது. அதில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வண்டியின் அச்சுக்கு 'எஸ்ஸியோ' என்றும், சைக்கிள் சக்கரத்தின் அச்சுக்கு 'அக்ஸ்' என்றும் எங்களுக்கு இரண்டு சொற்கள் சொல்லித் தந்தார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. ஒரே அச்சுக்கு எதற்கு இரண்டு பெயர்? பிற்பாடுதான் புரிந்தது, இரண்டும் செய்கிற வேலை வேறு என்று.

பாரீஸில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்த ழூல் சுரிரே என்பவர், சக்கர அச்சைச் சுற்றி இரும்புக் குண்டுகளை வைக்கும் பேரிங்குக்கு 1869 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி பாரீஸிலிருந்து ரூவான் வரை 123 கிலோமீட்டர் சைக்கிள் போட்டி நடந்தது. குண்டு பேரிங் வைத்த சைக்கிளில் வந்த ஜேம்ஸ் மூர் என்ற ஆங்கிலேயர் அதில் முதலிடம் பெற்றார்.

குண்டு பேரிங் வந்ததும் அச்சின் சட்டம் மாறிவிட்டது. சைக்கிள் கடையில் கோனைத் திருகியவர்களுக்குத் தெரியும். தளர்த்தினால் சக்கரம் ஆடும். அதிகம் இறுக்கினால் சக்கரம் கரகரவென்று சுற்றும், குண்டுகள் தேயும். மாட்டு வண்டிக்குக் கழலாமல் இருந்தால் போதும்; சைக்கிளுக்கு இறுக்கத்தில் ஒரு அளவும் வேண்டும்.

மூன்றாவது படி மோட்டார் சைக்கிள். இங்கே நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பையனுக்குச் சொல்ல முடியாமல் போன பதில் இங்கேதான் இருக்கிறது.

பழைய மோட்டார் சைக்கிள்களின் முன்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய நார்ட்டன் 16 எச், பி.எஸ்.ஏ. எம் 20 போன்ற வண்டிகளில் கர்டர் ஃபோர்க் இருந்தது. முன்சக்கரத்தின் இரண்டு பக்கக் கம்பிகளும் சேர்ந்து ஒரே சட்டம், ஏணி மாதிரி. மேலே ஒரு ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் எழும்பினால் முழுச் சட்டமும் ஒன்றாக எழும்பும். அதில் அச்சை இரண்டு பக்கமும் நட் போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. எந்தப் பக்கம் முதலில் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

பிறகு டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வந்தது. குழாய்க்குள் குழாய் சறுக்கும், உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். எண்ணெயால் அதிர்வை அடக்கும் இந்த ஃபோர்க்கை விற்பனைக்கு வந்த வண்டிகளில் முதலில் பொருத்தியது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ, 1935-இல். இங்கிலாந்தில் மாட்ச்லெஸ் கம்பெனி 1941-இல் தன் ராணுவ வண்டியான ஜி 3 எல்-க்கு அதைப் பொருத்தியது. போர் முடிந்ததும் எல்லோரும் அதற்கே மாறினார்கள்.

இந்த ஃபோர்க்கில் இடது காலும் வலது காலும் தனித்தனி. ஒவ்வொன்றும் தன் குழாய்க்குள் தானாகச் சறுக்கும். மேலே இரண்டையும் பிடிப்பது ஹேண்டில்பார் பக்கத்துத் தகடுகள். கீழே இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது முக்கியமாக அந்த ஒரு அச்சுதான். இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக, தண்டவாளம் போல, இருந்தால்தான் சறுக்கும். அச்சை இறுக்கும்போது ஒரு காலை மயிரிழை உள்ளே இழுத்துவிட்டாலோ, வெளியே தள்ளிவிட்டாலோ, குழாய் குழாயில் உரசும். ஃபோர்க் பிடித்துக்கொள்ளும். நட் இறுக்கமாக இருக்கும், சக்கரம் அழகாகச் சுற்றும், பார்க்கிற கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் பள்ளம் வந்தால் ஃபோர்க் இறங்காது.

ஆகவே இந்த அச்சுக்கு மூன்று சட்டங்கள். கழலக் கூடாது, இறுக்கத்தில் அளவு வேண்டும், இறுக்குவதில் வரிசை வேண்டும். முதல் பக்கத்தை இறுக்கிவிட்டு, இரண்டாவது காலைத் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ள விட்டு, பிறகுதான் அதைப் பிடிக்க வேண்டும்.

இந்த ஃபோர்க்கோடு நம் ஊருக்கு வந்த வண்டிதான் புல்லட். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இருந்த என்ஃபீல்டு கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் ரெடிச்சிலிருந்து வந்த பாகங்களைக் கோர்த்தார்கள். 1957-இல் பாகங்கள் செய்யும் கருவிகளையே அங்கிருந்து வாங்கினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே ஆயிற்று. 1970-ஓடு இங்கிலாந்தில் அந்தப் பெயரில் வண்டி தயாரிப்பு நின்றுபோனது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. ராணுவம், போலீஸ் என்று தொடங்கிய புல்லட் கொஞ்சம் கொஞ்சமாக நம் சாலைக்கும் வந்தது.

அப்படி வந்த ஒரு புல்லட், இரண்டு கை மாறி, 1980-இல் என் கைக்கு வந்தது. நான் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். சம்பளத்தில் பாதி வண்டிக் கடனுக்குப் போனது. வண்டியோடு பழைய உரிமையாளர் ஒரு கையேட்டையும் கொடுத்தார். முழுக்க ஆங்கிலம்.

இங்கே ஒரு வெட்கத்தைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்த நாளில் ஆங்கிலம் தடுமாற்றம். அலுவலகத்தில் கோப்புக் குறிப்புகளைப் பழைய கோப்பைப் பார்த்து எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். நான்கு பக்கத் தொழில்நுட்ப ஆங்கிலம் படிப்பதற்குப் பொறுமையும் இல்லை, அகராதி எடுக்கக் கௌரவமும் இடம் தரவில்லை. படங்களை மட்டும் பார்த்தேன். எந்த நட் எங்கே என்று படத்தில் தெளிவாக இருந்தது. எது முதலில், எது பிறகு என்று படத்தில் இருக்காது. அது எழுத்தில்தான் இருக்கும்.

1981 கார்த்திகை. தீபத்துக்காகப் புதுச்சேரியிலிருந்து என் தம்பி வந்திருந்தான். அப்போது அவனுக்கு 22 வயது. என்னைவிட நன்றாக வண்டி ஓட்டுவான். புல்லட்டின் மேல் அவனுக்கு ஒரு பித்து. தீபத்தன்று மாலை முன்சக்கரம் பஞ்சர். ஊர் முழுக்க ஜனம். மெக்கானிக் யாரும் கிடைக்கவில்லை. சக்கரத்தை நானே கழற்றினேன். டியூபை ஒரு சைக்கிள் கடையில் ஒட்டிக் கொடுத்தார்கள். இருட்டில், வாசல் அகல் விளக்கு வெளிச்சத்தில், சக்கரத்தை நானே திரும்ப மாட்டினேன். புல்லட்டில் சக்கரத்தோடு அச்சும் சேர்ந்தே வரும். ஃபோர்க் காலின் அடியில் அச்சைக் கவ்வும் மூடி, அதை இறுக்க முன்னும் பின்னும் நட். 'கழலக் கூடாது' என்ற மாட்டு வண்டிச் சட்டம் ஒன்றுதான் என் மனதில் இருந்தது. இரண்டு பக்கமும், பலம் கொண்ட மட்டும், குழாய் சொருகி முறுக்கினேன். தம்பி டார்ச் பிடித்தான். "அண்ணே, உடைச்சிடாதே" என்று சிரித்தான்.

மறுநாள் காலை செஞ்சிக்கு ஒரு வேலையாக அவன் அந்த வண்டியில் போனான். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு சிறு பாலத்தின் தலைப்பில் பள்ளம். சக்கரம் இறங்கி ஏற வேண்டிய இடத்தில் ஹேண்டில்பார் அவன் கையை விட்டு எகிறியது. விழுந்தான். இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. மாதக்கணக்கில் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கை முழுதாக மடங்கவில்லை, இன்றும் மடங்காது.

ஆஸ்பத்திரியில் அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "பள்ளத்தை நான் கவனிக்கலேண்ணே. என் தப்பு. வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?"

வண்டியை டவுனில் ஒரு மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். அறுபதை நெருங்கியவர். போர்க் காலத்தில் ராணுவ வண்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஹேண்டில்பாரை நிமிர்த்தும் முன் முன்பக்கத்தை ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். பாதியில் நின்றது. ஒன்றும் சொல்லாமல் குனிந்து வலது பக்க மூடியின் நட்டைத் தளர்த்தினார். 'டொக்' என்று ஒரு சத்தம். ஃபோர்க்கின் கால் தன் இடத்துக்குத் திரும்பிய சத்தம். மறுபடி அமுக்கினார். வெண்ணெய் மாதிரி இறங்கி ஏறியது.

"சக்கரம் மாட்டினது யாரு சார்?" என்று கேட்டார்.

"ஏன் மேஸ்திரி?"

"இதுக்குப் பலம் வேணாம் சார். வரிசை வேணும். பட்டாளத்துல மாட்ச்லெஸ் வண்டி வந்தப்ப, சக்கரம் மாட்டினதும் அமுக்கலேன்னா சார்ஜெண்டு எங்களை அமுக்கிடுவான்."

மாட்டியது யார் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஆனால் அன்று என்னை உட்கார வைத்து, என் கையாலேயே மாட்டச் சொல்லி, வரிசையைக் கற்றுக் கொடுத்தார். அவரிடம் கற்றது இதுதான். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களும் பேரப்பிள்ளைகளும் குறித்துக்கொள்ளலாம்.

அச்சையும் அது உட்காரும் இடத்தையும் துணியால் துடைத்து மெல்லிதாக கிரீஸ் தடவ வேண்டும். மரையில் மண் இருக்கக் கூடாது. சக்கரத்தை ஏற்றும்போது பிரேக் தட்டின் பள்ளம் ஃபோர்க் காலில் இருக்கும் மேட்டில் சரியாக உட்கார்ந்ததா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அது உட்காரவில்லை என்றால் பிரேக் பிடித்ததும் தட்டே சுற்றும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிறகு எல்லா நட்டையும் கையால் மட்டும் ஏற்ற வேண்டும். ஸ்பேனர் அதற்கப்புறம்தான்.

டிரம் பிரேக் வண்டியில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு முன்பிரேக்கைப் பிடித்து, பிடித்தபடியே தட்டை நிறுத்தும் அச்சு நட்டை இறுக்க வேண்டும். அப்போதுதான் பிரேக் ஷூ இரண்டும் டிரம்மின் நடுவில் உட்காரும். அடுத்து பிரேக் இருக்கும் பக்கத்து மூடியை முன்னும் பின்னும் மாறி மாறி, சமமாக இறுக்க வேண்டும். மறுபக்கம் இன்னும் தளர்வாகவே இருக்கட்டும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை நாலைந்து தடவை அழுத்தமாக அமுக்க வேண்டும். தளர்வாக இருக்கும் கால் அச்சின் மேல் நகர்ந்து தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். கடைசியாகத்தான் அந்தப் பக்கத்தை இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும்.

இப்போதைய பல வண்டிகளில் மூடி கிடையாது. அச்சு ஒரு பக்கமிருந்து நுழைந்து மறுபக்கம் மரையிலோ நட்டிலோ ஏறும். ஃபோர்க் காலின் பிளந்த கண்ணை ஒரு சின்ன போல்ட் நெருக்கிப் பிடிக்கும். அங்கும் இதே வரிசைதான். முதலில் அச்சு, பிறகு அமுக்கல், கடைசியில் அந்தச் சின்ன போல்ட். அது அலுமினியக் கண். பலத்தைக் காட்டினால் விண்டுபோகும். டிஸ்க் பிரேக் வண்டியானால் நகர்த்தும் முன் லீவரை நாலு தடவை பிடித்து விட வேண்டும். சக்கரம் கழற்றும்போது பேட் பின்னால் போயிருக்கும். முதல் பிடிப்பில் பிரேக் இருக்காது.

எவ்வளவு இறுக்கம் என்பதற்குக் கம்பெனிக் கையேட்டில் நியூட்டன் மீட்டர் என்று ஒரு எண் இருக்கும். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு ஏறக்குறைய 50 நியூட்டன் மீட்டர். அதே ஸ்பேனரில் குழாய் சொருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால், அதே கைப்பலத்துக்கு முறுக்கும் இரட்டிப்பாகும். குழாய் சொருகியவனுக்கு இது தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை. இப்போது டார்க் ரெஞ்ச் எளிதாகக் கிடைக்கிறது. உங்கள் வண்டிக்கு உரிய எண்ணை அந்த வண்டியின் கையேட்டில் மட்டும் பாருங்கள். வேறு வண்டியின் எண் உதவாது.

அன்று மேஸ்திரி கடையிலிருந்து வந்ததும் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கையேட்டின் நான்கு பக்கத்தையும் படித்தேன். இரண்டு இரவு ஆயிற்று. மேஸ்திரி சொன்ன விஷயம் அதில் இருந்தது. ரெடிச்சில் எழுதி, திருவொற்றியூர் வழியாக என் மேஜைக்கே வந்துசேர்ந்த ஒரு எச்சரிக்கை, படிப்பாரில்லாமல் ஒரு வருஷம் டிராயரில் கிடந்தது. படிக்கத் தெரியாத மனிதர் அதை மனதில் வைத்திருந்தார். படித்த நான் வைத்திருக்கவில்லை.

என் தம்பி அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளைத் தொடவேயில்லை. கை வலியால் அல்ல. "எனக்கு ரோட்டைப் பார்க்கிற கண்ணு இல்லேண்ணே" என்று சொல்லிவிட்டான். கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, அவர்கள் வண்டி கேட்டபோதும் அதையே சொன்னான். ஒரு பள்ளத்தைக் கவனிக்காத குற்றத்தை நாற்பது வருஷத்துக்கு மேலாக அவன் சுமந்து வருகிறான். ஒவ்வொரு முறையும் நான் சொல்ல வாயெடுத்து, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளை 'நிலுவையில்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைப் போல நீண்ட நிலுவை வேறு இல்லை.

அவன் இந்தப் பக்கத்தைப் படிப்பவன். மாதம் ஒரு முறை போன் செய்து, எழுத்துப் பிழைகளைச் சொல்வான். இதையும் படிப்பான்.

தம்பி, அன்று பள்ளம் எல்லாச் சாலையிலும் இருக்கும் பள்ளம்தான். நீ நன்றாகத்தான் ஓட்டினாய். சக்கரத்தைத் தப்பாக மாட்டியது நான்.